ஸ்கா என்றால் என்ன? 14 மாதங்களே நீடித்த ஸ்கட்டலைட்ஸ் குழுவின் வழியே ஓர் எளிய விளக்கம்

கரீபியன் தீவுகளின் இசை என்று பேச்செடுத்தாலே நம்மில் பலருக்கும் பாப் மார்லியின் முகமும் ரெகே என்ற பெயரும்தான் உடனே நினைவுக்கு வருகின்றன. ஸ்கா என்ற பெயர் எங்காவது காதில் விழுந்தால், அது ரெகேயின் வேகமான வடிவம் என்றோ, 1979 வாக்கில் இங்கிலாந்து இளைஞர்கள் தொடங்கிய பாணி என்றோ சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். சற்று விவரம் அறிந்தவர்கள்கூட, அமெரிக்க வானொலியிலிருந்து இரைச்சலுக்கு நடுவே விட்டுவிட்டுக் கேட்ட பாடல்களை ஜமைக்காவினர் தவறாகப் புரிந்துகொண்டு வாசித்ததால் பிறந்த இசை அது என்ற கதையை நம்புகிறார்கள். முதல் இரண்டும் கால வரிசையில் நேர்ந்த குழப்பங்கள், எளிதில் திருத்திவிடலாம். மூன்றாவது அப்படியல்ல. உயர்ந்த பயிற்சி பெற்ற கலைஞர்கள் தெரிந்தே செய்த ஒரு வேலையை அது வெறும் தற்செயலாக ஆக்கிவிடுகிறது.

இக்கட்டுரை ஸ்கா என்ற தாள அமைப்பை இசைப் பயிற்சி இல்லாதவர்களுக்கும் புரியும்படி விளக்க முயல்கிறது. அதற்கு ஸ்கட்டலைட்ஸ் என்ற குழுவை எடுத்துக்கொள்கிறேன். ஜமைக்காவின் தலைநகரான கிங்ஸ்டனில் 1964ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் தோன்றிய அக்குழு 1965 ஆகஸ்டில் கலைந்துவிட்டது. அந்தக் குறுகிய காலத்தில் அவர்கள் பதிவுசெய்தவற்றைக் கேட்டால், அமெரிக்காவின் ரிதம் அண்ட் புளூஸ் ஒரு தீவின் இசையாக எப்படி மாறியது என்பது முழுமையாகப் புலப்படும்.

## மூலப்பொருள்: ரிதம் அண்ட் புளூஸ்

ரிதம் அண்ட் புளூஸ் என்பது 1940களில் அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே செழித்த நடன இசை. அந்த மக்களின் இசைத்தட்டுகளை அதுவரை இனத்தின் பெயரால் தனியே பட்டியலிட்டுவந்த பில்போர்டு இதழ், 1949இல் அந்த வழக்கத்தைக் கைவிட்டு இப்பெயருக்கு மாறியது. பெரிய ஜாஸ் வாத்தியக் குழுக்களைச் சிறிதாக்கி, ஓரிரு சாக்சஃபோன், ஒரு பியானோ, தாழ்ந்த சுரங்களைத் தரும் தந்திக் கருவியான ஒரு பாஸ், டிரம்ஸ் என்ற அளவில் வைத்துக்கொண்டு, ஆட வந்தவர்களை உட்காரவிடாமல் ஆட்டுவிக்கும் இசை அது. லூயிஸ் ஜோர்டன், வைனோனி ஹாரிஸ், ஃபேட்ஸ் டோமினோ, ரொஸ்கோ கார்டன் ஆகியோரின் பாடல்கள் ஜமைக்காவில் பெரிதும் விரும்பப்பட்டன.

இந்த இசையில் இரண்டு கூறுகளை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். முதலாவது பேக்பீட். நான்கு நான்கு அடிகளாக எண்ணப்படும் இந்த இசையில் இரண்டாம், நான்காம் அடிகளில் டிரம்ஸ் ஓங்கி ஒலிப்பதையே பேக்பீட் என்கிறோம். இரண்டாவது ஷஃபிள். இதை விளக்க நம் சொற்கட்டே கைகொடுக்கிறது. ஒவ்வோர் அடிக்கும் 'தகிட' என்று மூன்று அட்சரங்களைச் சீராகச் சொல்லிப் பாருங்கள். பிறகு நடுவிலுள்ள 'கி'யை வாய்க்குள்ளேயே விழுங்கிவிட்டு, அதற்குரிய நேரத்தை மட்டும் விட்டுச் சொல்லுங்கள்: 'த–ட, த–ட, த–ட, த–ட'. நொண்டி நொண்டித் துள்ளுவதுபோல் வரும் இந்த ஓட்டமே ஷஃபிள். இதில் 'த' கனமாகவும் 'ட' இலேசாகவும் விழும். 'ட' என்பது அடுத்து வரும் 'த'வுக்கு நம்மைத் தள்ளிக்கொண்டு போகும் சிறு உந்துதல்; அவ்வளவுதான்.

## அடியும் அடிகளுக்கு இடையிலுள்ள இடமும்

ஒரே உரலில் இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று மாற்றி மாற்றி உலக்கை போடுவதைப் பார்த்தவர்களுக்கு ஸ்காவின் அடிப்படை ஏற்கெனவே தெரியும் என்பேன். ஒருவருடைய உலக்கை கீழே இறங்கும்போது மற்றவருடையது மேலே ஏறுகிறது. இருவருடைய வேகமும் ஒன்றே; ஆனால் இருவரும் ஒரே நேரத்தில் இடிப்பதில்லை. முதல் பெண்ணின் ஓசையை 'ஒன்று, இரண்டு' என எண்ணினால், இரண்டாம் பெண்ணின் ஓசை ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே வந்து விழும்.

அப்படி இரண்டு அடிகளுக்கு நடுவே விழும் இடத்தை இசையில் ஆஃப்பீட் என்கிறார்கள். பேக்பீட்டையும் ஆஃப்பீட்டையும் ஒன்றாக்கிக் குழப்புவது மிகவும் பரவலான பிழை என்பதால் இங்கே சற்று நின்று கவனிக்க வேண்டும். பேக்பீட் எண்ணிக்கைக்குள் வருவது. நான்கு அடிகளில் இரண்டாவதும் நான்காவதும் அது. ஆஃப்பீட் எண்ணிக்கையில் வராதது. எந்த இரண்டு எண்களுக்கும் இடையே இருப்பது. காலால் தரையைத் தட்டிக்கொண்டு கேட்டால் வேறுபாடு உடனே விளங்கும். கால் தரையைத் தொடும் கணங்களில் ஏதோ இரண்டு பேக்பீட். கால் மேலே தூக்கியிருக்கும் கணம் ஒவ்வொன்றும் ஆஃப்பீட்.

இதுவரை பார்த்தவற்றைச் சுருக்கமாகச் சொன்னால்: ரிதம் அண்ட் புளூஸ் அடியில் கனத்தை வைக்கும் நடன இசை, அதன் 'த–ட' ஓட்டம் ஷஃபிள், எண்ணும் அடிகளுக்கு நடுவிலுள்ள இடம் ஆஃப்பீட். இனி, அமெரிக்க இசையை ஆடிக்கொண்டிருந்த ஒரு தீவு தனக்கெனப் பாடல்களைச் செய்துகொள்ளத் தொடங்கிய காரணத்தைப் பார்ப்போம்.

## பெயர் சுரண்டப்பட்ட இசைத்தட்டுகள்

1950களின் கிங்ஸ்டனில் வாத்தியக் குழுவை அமர்த்தி நடனம் நடத்துவது வசதியுள்ளவர்களால் மட்டுமே முடிந்த காரியம். ஏழை எளியவர்கள் வாழ்ந்த பகுதிகளில் அந்த இடத்தை சவுண்ட் சிஸ்டம் பிடித்துக்கொண்டது. சவுண்ட் சிஸ்டம் என்றால் இசைத்தட்டு சுழற்றும் கருவி, சக்திவாய்ந்த ஆம்ப்ளிஃபயர், ஆள் உயர ஒலிபெருக்கிப் பெட்டிகள், அவற்றை இயக்கும் ஆட்கள் என எல்லாம் சேர்ந்த நடமாடும் ஏற்பாடு. திறந்தவெளியிலோ ஏதாவதொரு முற்றத்திலோ அதை நிறுவி, நுழைவுக் கட்டணம் வாங்கி, மதுவும் உணவும் விற்று, விடியும்வரை நடனம் நடத்துவார்கள். தொடக்கக் காலத்தில் டாம் தி கிரேட் செபாஸ்டியன் என்ற பெயரில் இயங்கியவர் புகழ்பெற்றிருந்தார். பின்னர் முன்னாள் காவலரும் மதுக்கடை உரிமையாளருமான டியூக் ரீட், 'காக்சன்' என்று அழைக்கப்பட்ட கிளெமென்ட் டாட், பிரின்ஸ் பஸ்டர் ஆகிய மூவரின் போட்டியே நகரத்தின் பேச்சானது.

எதிராளியிடம் இல்லாத பாடல் யாரிடம் இருக்கிறதோ அவரிடமே கூட்டம் போகும். ஆகவே அமெரிக்காவுக்கே போய் இசைத்தட்டுகளைத் தேடி வாங்கிவந்த இவர்கள், வட்டத்தின் நடுவிலிருந்த பெயர்ச்சீட்டைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். பாடலின் பெயரோ பாடியவர் பெயரோ போட்டியாளரின் உளவாளிகளுக்குத் தெரிந்துவிடக் கூடாதல்லவா. காக்சன் டாட் தமது அடையாள இசையாக ஒலிபரப்பி வந்த ஒரு சாக்சஃபோன் பாடலுக்கு 'காக்சன் ஹாப்' என்று தாமே பெயர் சூட்டியிருந்தார். உண்மையில் அது வில்லிஸ் ஜாக்சன் என்ற அமெரிக்கரின் பதிவு. டியூக் ரீட் பல காலம் தேடி அதன் மூலத்தைக் கண்டுபிடித்துத் தமது நடனத்தில் ஒலிக்கவிட்டபோது, டாட்டுக்கு அது பேரிடியாக இருந்தது.

1950களின் இறுதியில் இந்த ஏற்பாடு ஆட்டம் கண்டது. அமெரிக்க இளைஞர்களின் சுவை ராக் அண்ட் ரோல் பக்கம் போய்விட்டதால், ஜமைக்கா விரும்பிய பழைய ஷஃபிள் பாடல்களின் வரத்து குறைந்துகொண்டே வந்தது. ஆனால் கிங்ஸ்டன் நடனக் கூட்டம் தன் சுவையை மாற்றிக்கொள்ளவில்லை. வேறு வழியின்றி, சவுண்ட் சிஸ்டம் உரிமையாளர்கள் உள்ளூர்க் கலைஞர்களை ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அழைத்துப்போய், ரிதம் அண்ட் புளூஸ் பாணியில் பாடல்கள் செய்யச் சொன்னார்கள். முதலில் தங்கள் நடனங்களுக்காக மட்டும் ஓரிரு பிரதிகள் செய்துகொண்டவர்கள், மக்கள் கேட்டு வாங்க ஆயத்தமாக இருப்பதைப் பார்த்த பிறகே அவற்றை விற்பனைக்கு வெளியிட்டார்கள்.

## கனம் இடம் மாறியது எப்படி

அப்படி உருவான தொடக்கப் பாடல்களுள் ஒன்று, பியானோக் கலைஞர் தியோஃபிலஸ் பெக்ஃபோர்டு பாடி 1959இல் வெளிவந்த 'ஈஸி ஸ்னாப்பின்'. கேட்கும்போது அது ஒரு சோம்பலான அமெரிக்க ஷஃபிள்போலவே தோன்றும். ஆனால் 'த–ட, த–ட' என்ற ஓட்டத்தில் எது உரக்க ஒலிக்கிறது என்று கவனித்தால், பியானோ 'ட'வை அழுத்துவது தெரியும். அமெரிக்காவில் இலேசான உந்துதலாக இருந்த அந்தச் சிறு ஒலி இங்கே முன்னால் வந்து நிற்கிறது. ஸ்காவின் விதை இதுதான்.

ஆனால் இந்த 'ட'வின் மேல் அழுத்தம் வைக்கும் பழக்கம் அமெரிக்காவில் அறவே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. ரொஸ்கோ கார்டனின் 1952ஆம் ஆண்டுப் பாடலான 'நோ மோர் டாகின்' பியானோவிலும் ஃபேட்ஸ் டோமினோவின் 'பி மை கெஸ்ட்' பாடலிலும் அதன் சாயல் தெளிவாகவே கேட்கிறது. ஆயிரக்கணக்கான அமெரிக்கப் பாடல்களிலிருந்து ஜமைக்கா குறிப்பாக இவற்றைக் கொண்டாடியதற்குக் காரணம் உண்டு. ஜமைக்காவின் நாட்டுப்புற இசையான மென்டோவில் பான்ஜோவின் மீட்டு அடிகளுக்கு நடுவே விழுவது வழக்கம். அடிகளுக்கு நடுவே ஆடிப் பழகிய கால்கள், வெளியிலிருந்து வந்த இசையிலும் அதையே தேடி எடுத்துக்கொண்டன. வானொலியைத் தவறாகக் கேட்டார்கள் என்ற கதைக்கு நான் சொல்லும் முதல் மறுப்பு இதுவே: அவர்கள் நன்றாகவே கேட்டார்கள்; வேண்டியதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அடுத்த சில ஆண்டுகளில் பியானோவின் வலக்கையோடு கிட்டாரும் சேர்ந்து, 'த'வை அறவே விட்டுவிட்டு 'ட'வில் மட்டும் 'ச்சக், ச்சக்' என்று வெட்டத் தொடங்கியது. பாட்டின் வேகம் கூடக்கூட, மூன்றாகப் பிரிந்திருந்த ஓட்டம் மெல்ல மெல்ல இரண்டு சம பாதிகளாக நெருங்கிவந்து, 'ட' அடிகளின் நட்டநடுவே போய் நின்றது. உரலில் இரண்டாம் பெண்ணின் உலக்கை விழும் இடம் அதுதான்.

அப்படியானால் முதல் பெண்ணின் இடத்தில் இருப்பவர் யார்? பாஸ் வாசிப்பவர். ஒவ்வோர் அடிக்கும் ஒரு சுரம் என்று ஏறி இறங்கி நடந்துகொண்டே இருக்கும் பாஸ் வாசிப்புக்கு வாக்கிங் பாஸ் என்று பெயர். ஜாஸிலிருந்து வந்த இந்த நடை இல்லாவிட்டால் ஸ்கா நிற்காது. எல்லாரும் நடுவிலேயே வெட்டினால் நடு என்று தெரிவதற்கு ஓர் எல்லையே இருக்காது. டிரம்ஸ் வாசிப்பவர் இரண்டாம், நான்காம் அடிகளை ஓங்கி அடித்துப் பழைய பேக்பீட்டைக் காப்பாற்றுகிறார். இவற்றின் மேலே டிரம்பெட், டிராம்போன், சாக்சஃபோன் ஆகிய ஊது கருவிகள் மெட்டைச் சேர்ந்து வாசிக்கின்றன. ஒருவர் தனியாக வாசிக்கும்போது மற்றவர்கள் பின்னால் நின்று கிட்டாரோடு சேர்ந்து ஆஃப்பீட்டை ஊதுகிறார்கள்.

சுருக்கமாக: பாஸ் அடியிலும், கிட்டாரும் பியானோவும் இடைவெளியிலும், டிரம்ஸ் இரண்டாம் நான்காம் அடிகளிலும் நிற்க, ஊது கருவிகள் மேலே மெட்டைத் தாங்கும் ஏற்பாடே ஸ்கா. ரிதம் அண்ட் புளூஸின் எந்தப் பகுதியும் தூக்கி எறியப்படவில்லை. கனம் மட்டுமே அடியிலிருந்து இடைவெளிக்கு மாற்றப்பட்டது.

இதை முதலில் செய்தவர் யார் என்ற வழக்கு இன்றுவரை தீரவில்லை. கிட்டார் கலைஞர் எர்னஸ்ட் ராங்லின், பிரின்ஸ் பஸ்டர், காக்சன் டாட் என ஒவ்வொருவருக்கும் ஆதரவாளர்கள் உண்டு. ஒரே சிறு நகரத்தில், ஒரே இருபது முப்பது கலைஞர்கள் எல்லா முதலாளிகளுக்கும் மாறி மாறி வாசித்துக்கொண்டிருந்த சூழலில், ஒருவர் தலையில் மட்டும் மகுடம் வைப்பது நியாயமாகாது என்றே நான் கருதுகிறேன்.

## ஆல்ஃபா பள்ளியின் பிள்ளைகள்

இப்போது அந்தக் கலைஞர்களைப் பற்றிப் பேச வேண்டும். மேலே சொன்ன தவறான கதை உடைந்து விழுவது இங்கேதான்.

கிங்ஸ்டனில் 1880இல் தொடங்கப்பட்டு, பின்னர் மெர்சி சபையைச் சேர்ந்த கத்தோலிக்கச் சகோதரிகளின் பொறுப்பில் வளர்ந்த ஆல்ஃபா பள்ளி, பெற்றோரை இழந்தவர்களும் வறுமையில் வாடியவர்களும் நீதிமன்றத்தால் அனுப்பப்பட்டவர்களுமான சிறுவர்களுக்கு அடைக்கலம் தந்த இடம். அச்சுவேலை, தையல் போன்ற தொழில்களோடு வாத்திய இசையும் அங்கே கற்பிக்கப்பட்டது. மூச்சை அடக்கி ஊதவும், எழுதிவைத்த இசைக் குறிப்பைப் பார்த்துப் பிழையின்றி வாசிக்கவும், அணியாக நின்று ஒரே குரலாக ஒலிக்கவும் கண்டிப்பான பயிற்சி உண்டு. 60 ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே பணிபுரிந்த சிஸ்டர் மேரி இக்னேஷியஸ் டேவிஸ், தாமே இசைத்தட்டுகளைச் சேகரித்து வைத்துச் சிறுவர்களுக்குப் போட்டுக் காட்டியவர். ஜாஸ், லத்தீன் இசை, மேலைச் செவ்வியல் என்று வேறுபாடு பார்க்காமல் அவர் ஊட்டிய கேள்வியறிவுக்கு ஜமைக்காவின் இசை பெரிதும் கடன்பட்டிருக்கிறது.

ஸ்கட்டலைட்ஸ் குழுவின் தலைவரும் டெனார் சாக்சஃபோன் கலைஞருமான டாமி மெக்கூக், டிராம்போன் மேதை டான் டிரம்மண்ட், டிரம்பெட் வாசித்த ஜானி மூர், ஆல்ட்டோ சாக்சஃபோன் வாசித்த லெஸ்டர் ஸ்டெர்லிங் ஆகிய நால்வரும் ஆல்ஃபாவில் பயின்றவர்கள். இன்னொரு டெனார் சாக்சஃபோன் கலைஞரான ரோலண்ட் அல்ஃபோன்ஸோவும் மெக்கூக்கைப் போலவே கியூபாவின் ஹவானாவில் பிறந்தவர். பாஸில் லாயிட் பிரெவெட், டிரம்ஸில் லாயிட் நிப், கிட்டாரில் 'ஜா ஜெர்ரி' என்று அழைக்கப்பட்ட ஜெரோம் ஹெய்ன்ஸ், பியானோவில் ஜாக்கி மிட்டூ என்று குழு அமைந்தது. 1964இல் மிட்டூவுக்கு வயது 16. டோரீன் ஷாஃபர், லார்ட் டனாமோ, பார்படோஸ் தீவிலிருந்து வந்த ஜாக்கி ஓப்பல் முதலியோர் குழுவோடு பாடினார்கள்.

இவர்களில் மூத்தவர்கள் பலரும் ஹோட்டல்களிலும் நடன அரங்குகளிலும் பெரிய வாத்தியக் குழுக்களில் அமெரிக்க ஜாஸை வாசித்து வயிறு வளர்த்தவர்கள். மெக்கூக் பல ஆண்டுகள் பஹாமாஸில் ஜாஸ் வாசித்துவிட்டு 1962இல்தான் ஊர் திரும்பினார். ஒலிப்பதிவுக்கு வரும்படி டாட் அழைத்தபோது, தம் மனம் ஜாஸில் இருப்பதாகச் சொல்லி முதலில் மறுத்துவிட்டவர் அவர். அதே ஆண்டு டாட் வெளியிட்ட ஜாஸ் இசைத்தட்டு ஒன்றில் மெக்கூக்கும் டிரம்மண்டும் அல்ஃபோன்ஸோவும் ராங்லினும் வாசித்திருக்கிறார்கள். அமெரிக்க இசையை அதன் முறைப்படியே வாசிக்க இவர்களுக்கு எந்தத் தடையும் இல்லை என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. அப்படிப்பட்டவர்கள் கனத்தை இடம் மாற்றி வைத்தார்கள் என்றால், மாற்ற வேண்டும் என்று எண்ணியே வைத்தார்கள்.

லாயிட் நிப்பின் டிரம்ஸ் இதற்கு இன்னொரு சான்று. கிங்ஸ்டனுக்குக் கிழக்கே வாரிக்கா குன்றுகளில் கவுண்ட் ஓசி என்ற முரசுக் கலைஞரின் ரஸ்தஃபாரி முகாம் இருந்தது. ரஸ்தஃபாரி என்பது ஆப்பிரிக்காவைத் தாயகமாகப் போற்றும் ஜமைக்கா சமய இயக்கம். ஆப்பிரிக்க வழிவந்த புர்ரு முரசு மரபு அங்கே உயிரோடு இருந்தது. ஸ்கட்டலைட்ஸ் கலைஞர்கள் பலரும் அங்கே போய் விடிய விடிய வாசிப்பது வழக்கம். நிப் அந்த முரசுகளின் உரையாடலைத் தம் டிரம்ஸுக்குள் கொண்டுவந்தார். மேலைநாட்டு டிரம்ஸில் ஆப்பிரிக்க முரசின் நடையைக் கேட்கிற அந்த அனுபவத்துக்காகவே அவர் வாசித்த பதிவுகளைத் தனியாகக் கேட்கலாம்.

## பதினான்கு மாதங்கள்

ஒரு குழுவாகப் பெயர் சூட்டிக்கொள்ளும் முன்பே இவர்கள் பல பாடல்களில் சேர்ந்து வாசித்திருந்தார்கள். அன்று விண்வெளிப் போட்டியின் காலம் என்பதால் சாட்டிலைட்ஸ் என்று பெயர் வைக்கலாம் என ஒருவர் சொல்ல, மெக்கூக் அதோடு ஸ்காவைச் சேர்த்து ஸ்கட்டலைட்ஸ் ஆக்கினார். மேடை நிகழ்ச்சிகள் ஒரு பக்கம் இருக்க, நாள்தோறும் ஒலிப்பதிவுக் கூடங்களில் டாட், ரீட், பஸ்டர் என எல்லாருக்கும் வாசித்தார்கள். 1964ஆம் ஆண்டு ஜமைக்காவில் பெருவெற்றி பெற்ற, வெய்லர்ஸ் குழுவின் 'சிம்மர் டவுன்' பாடலில் இளம் பாப் மார்லிக்குப் பின்னால் ஒலிப்பது இக்கலைஞர்களின் வாசிப்பே. ரெகேயின் நாயகராக உலகம் அறிந்தவர் ஸ்கா பாடகராகவே தொடங்கினார் என்பது, எது முன்னால் எது பின்னால் என்ற குழப்பத்தையும் தீர்த்துவைக்கிறது.

அன்றைய ஒலிப்பதிவு முறையை மனத்தில் வைத்துக் கேட்டால் இவர்களின் திறம் இன்னும் விளங்கும். பாடகரும் ஒன்பது பத்து வாத்தியக்காரர்களும் ஒரே அறையில் நின்று ஒரே நேரத்தில் வாசிக்க, ஒன்றிரண்டு தடங்களில் அப்படியே பதிவாகும். ஒருவர் பிழை செய்தால் எல்லாரும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். பிறகு வெட்டி ஒட்டிச் சரிசெய்ய வழியில்லை. வாத்தியக்காரர்களுக்குப் பாட்டுக்கு இவ்வளவு என்று கூலி கிடைத்ததே தவிர, பாடல் விற்றுக்கொண்டே இருந்தாலும் அதில் பங்கு கிடைப்பது அரிது. உலகெங்கும் மறுபடி மறுபடி வெளியிடப்படும் அந்த இசைக்கு அதை வாசித்தவர்கள் அன்று பெற்ற கூலியை எண்ணும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

ஜமைக்கா 1962 ஆகஸ்ட் 6 அன்று விடுதலை பெற்றிருந்தது. தன் சொந்த இசை என்று உலகுக்குக் காட்ட ஸ்கா இருக்கிறது என்பதை உணர்ந்த அரசு, 1964இல் நியூயார்க் உலகக் கண்காட்சிக்கு ஒரு குழுவை அனுப்பியது. ஆனால் அனுப்பப்பட்டது ஸ்கட்டலைட்ஸ் அல்ல. ஹோட்டல் வட்டாரங்களில் பெயர் பெற்றிருந்த பைரன் லீயின் வாத்தியக் குழு. ஸ்கட்டலைட்ஸ் கலைஞர்களின் ரஸ்தஃபாரித் தொடர்பை அன்றைய மேல்தட்டு விரும்பவில்லை என்பதே பரவலாகச் சொல்லப்படும் காரணம்.

குழுவின் படைப்பாற்றலுக்கு நடுநாயகமாக இருந்தவர் டான் டிரம்மண்ட். 'மேன் இன் த ஸ்ட்ரீட்', 'ஈஸ்டர்ன் ஸ்டாண்டர்ட் டைம்' போன்ற அவருடைய மெட்டுகள், துள்ளும் தாளத்தின் மேல் துயரம் தோய்ந்த சுரங்களில் நடப்பவை. ஆட்ட இசைக்கு அப்படியொரு ஆழம் இருக்க முடியும் என்பதைக் காட்டியவை. அவர் நெடுங்காலமாக மனநோயால் அவதிப்பட்டவரும்கூட. 1965 ஜனவரி 2 அதிகாலையில் அவர் தம்மோடு வாழ்ந்த அனிதா மஹ்ஃபூதைக் கொலை செய்தார். மார்கரிட்டா என்ற பெயரில் ஆடிய அந்தப் பெண் புகழ்பெற்ற ரும்பா நடனக் கலைஞர். தாமே பாடிப் பதிவுசெய்தவர். டிரம்மண்டின் மேதைமையைப் பேசுகிற எழுத்துகள் பலவும் இவரை ஒரு வரியில் கடந்துவிடுவது சரியல்ல. அன்று கிங்ஸ்டன் இழந்தது ஒரு கலைஞரை. மனநலம் இழந்த நிலையில் குற்றம் புரிந்ததாகத் தீர்ப்பாகி, பெல்வியூ மனநல மருத்துவமனையில் வைக்கப்பட்ட டிரம்மண்ட் 1969 மே 6 அன்று அங்கேயே இறந்தார்.

அவர் இல்லாத குழு இன்னும் சில மாதங்கள் தள்ளாடியது. பணப் பங்கீட்டில் மனத்தாங்கல்கள் இருந்தன. போட்டி முதலாளிகளோ ஆளுக்கொரு சொந்தக் குழுவை விரும்பினார்கள். 1965 ஆகஸ்டில் ஸ்கட்டலைட்ஸ் கலைந்தபோது அது இரண்டாகப் பிளந்தது என்றே சொல்ல வேண்டும். மெக்கூக் சூப்பர்சோனிக்ஸ் என்ற குழுவை அமைத்து டியூக் ரீடிடம் போனார். அல்ஃபோன்ஸோவும் மிட்டூவும் சோல் பிரதர்ஸ் என்ற பெயரில் டாட்டின் ஸ்டுடியோ ஒன் கூடத்தில் தங்கினார்கள். ஒரு திரைப்பட இசையை ஸ்கட்டலைட்ஸ் ஸ்காவாக்கிய 'கன்ஸ் ஆஃப் நவரோன்' 1967இல் பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் ஏறியபோது, அதை வாசித்த குழு கலைந்து ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

## பிறகு வந்தவை

1966இல் தாளம் வேகம் குறைந்து ராக்ஸ்டெடி என்ற பாணி வந்தது. வேகம் குறைந்ததால் பாஸுக்கு இடம் கிடைத்தது. ஒவ்வோர் அடிக்கும் நடந்துகொண்டிருந்த பாஸ் இப்போது நின்று, மௌனம் விட்டு, தனக்கென்று ஒரு மெட்டை வாசிக்கத் தொடங்கியது. 1968 வாக்கில் அதிலிருந்து ரெகே பிறந்தது. மூன்றிலும் மாறாமல் இருப்பது கிட்டார் வெட்டும் அந்த ஆஃப்பீட்தான். ஆகவே ஸ்கா ரெகேயின் வேகமான வடிவம் என்று சொல்வதற்குப் பதிலாக, ரெகே ஸ்காவின் பேத்தி என்று சொன்னால் உறவு முறை சரியாக இருக்கும்.

இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் 1979இல் எழுந்த டூ டோன் அலை இந்த இசையைப் புதிதாக எடுத்துக்கொண்ட அடுத்த தலைமுறையின் வேலை. மேட்னஸ் என்ற குழு தன் பெயரையே பிரின்ஸ் பஸ்டரின் பாடலிலிருந்து எடுத்துக்கொண்டது; ஸ்பெஷல்ஸ் குழுவோடு டிராம்போன் வாசித்த ரிக்கோ ரோட்ரிகஸ், ஆல்ஃபா பள்ளியில் டிரம்மண்டிடம் கற்றவர். ஸ்கட்டலைட்ஸ் கலைஞர்களும் 1983இல் ஜமைக்காவின் ரெகே சன்ஸ்பிளாஷ் விழாவில் மீண்டும் ஒன்றுகூடி, பல ஆண்டுகள் உலகம் சுற்றி வாசித்தார்கள்.

## எதை, எந்த வரிசையில் கேட்பது

படித்துப் புரிந்துகொள்வதைவிட வரிசையாகக் கேட்டுப் புரிந்துகொள்வது எளிது. முதலில் லூயிஸ் ஜோர்டனின் ஏதாவதொரு வேகப் பாடலில் 'த–ட' ஓட்டத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். அடுத்து ரொஸ்கோ கார்டனின் 'நோ மோர் டாகின்'. அதன் பியானோவை மட்டும் கவனியுங்கள். மூன்றாவதாக 'ஈஸி ஸ்னாப்பின்'. நான்காவதாக 'சிம்மர் டவுன்'. பாடலைக் கேட்கும்போது உங்கள் கால் பாஸோடு தரையைத் தட்டட்டும், கை கிட்டாரோடு இடைவெளியில் தட்டட்டும். இரண்டும் ஒன்றோடொன்று மோதாமல் ஓட ஆரம்பித்துவிட்டால் ஸ்காவின் அமைப்பு உடம்புக்குப் பிடிபட்டுவிட்டது என்று பொருள்.

மில்லி ஸ்மால் பாடி 1964இல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இரண்டாம் இடம்வரை ஏறிய 'மை பாய் லாலிபாப்' பாடலையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். அது 1956இல் பார்பி கே என்ற அமெரிக்கப் பெண் பாடிய ரிதம் அண்ட் புளூஸ் பாடல். லண்டனில் ராங்லினின் இசையமைப்பு ஒழுங்கில் ஸ்காவாக மறுபிறவி எடுத்தது. இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்டால், ஒரே மெட்டில் கனம் எந்த அளவுக்கு நகர்ந்திருக்கிறது என்பதைக் காதாலேயே அளந்துவிடலாம். கடைசியாக 'ஈஸ்டர்ன் ஸ்டாண்டர்ட் டைம்' கேளுங்கள். மெட்டு முடிந்து தனி வாசிப்புத் தொடங்கும் இடத்தில் டிராம்போனை விட்டுவிட்டுப் பின்னால் உள்ளவர்களைக் கவனித்தால், கிட்டாரும் பியானோவும் மற்ற ஊது கருவிகளும் ஒரே கத்தியாக இடைவெளிகளை வெட்டிக்கொண்டு போவதும், பிரெவெட்டின் பாஸ் எதற்கும் அசையாமல் அடிமேல் அடி வைத்து நடப்பதும் தனித்தனியே கேட்கும்.